தொழுநோயாளிகளுக்காக உழைத்த மருத்துவர்களில் நீங்கள் மிகவும் மதிப்பவர் யார்?

டாக்டர் பால் பிராண்ட். காட்பாடிப் பக்கம் வளர்ந்ததால் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். அதன் பின்னால் இருந்தவரைப் பற்றித் தெரிந்துகொண்டது பிறகுதான்.

1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொல்லியிருக்கிறார். பிடி இரும்பு மாதிரி இருந்தது. அப்படியென்றால் முன்கைத் தசைகளில் பழுதில்லை, உள்ளங்கையின் சிறு தசைகள்தான் செயலிழந்திருக்கின்றன. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களில் நல்லது ஒன்றை மாற்றி விரல்களோடு இணைத்தால் விரல் நிமிரும். போலியோ வந்த கைகளுக்குச் செய்ததுதான். ஆனால் தொழுநோயாளிக்கு அறுவை செய்தால் புண் ஆறாது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். பிராண்ட் செய்து பார்த்தார், ஆறியது.

இதற்கு அப்புறம் நடந்ததற்காகத்தான் அவரை அதிகம் மதிக்கிறேன். கை சரியானவர்கள் திரும்பி வந்து வருத்தப்பட்டார்கள். விரல் நிமிர்ந்துவிட்டதால் பிச்சை குறைந்துவிட்டது, தொழுநோயாளி என்பதால் வேலையும் யாரும் தரவில்லை. எவ்வளவு கொடுமை பாருங்கள்! அவர்களுக்காக நவஜீவ நிலையம் என்ற மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். மருத்துவம் படிக்கும் முன்பு கட்டட வேலையும் தச்சும் பழகியவர் அவர். இங்கே தச்சுத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள்.

கூடவே இருந்ததால்தான் இன்னொன்றும் பிடிபட்டது. கிருமி தின்று விரல் உதிர்வதில்லை. நரம்பு மரத்துப்போவதால் வலி தெரியாது. சூடான பாத்திரமும் உளிப்பிடியும் காயப்படுத்துவது தெரியாது, தூக்கத்தில் எலி கடிப்பதுகூடத் தெரியாது. கவனிக்காத புண்ணில் சீழ் பிடித்து, எலும்பு கரைந்து விரல் குட்டையாகிறது. எலிக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். தினமும் கைகால்களைப் பார்த்துக் காயம் தேடும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். பாதத்தைக் காக்க எம்சிஆர் என்ற, நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரில் செருப்பு வந்தது. அவர் மனைவி மார்கரெட், இமை மூடாமல் பார்வை இழப்பவர்களின் கண்களைக் கவனித்தார்.

பிராண்ட் 2003இல் காலமானார். நோய் குணமானவர்களைக்கூட ஒதுக்கிவைக்கும் குடும்பங்கள் இன்றும் இருப்பது எனக்கு ஆறவே இல்லை. இதைப் படிப்பவர்கள் யாருக்காவது உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மாத்திரை இலவசம், ஆறு மாதமோ ஒரு வருடமோ விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும். சீக்கிரம் போனால் கை முடங்காமலே தப்பலாம்.