வேனைத் திருப்பிக் கொடுத்தால் லீஸ் முடிந்துவிடுமா?

கேள்வி: கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோய்ப் போடும் சிறு தொழில் செய்கிறேன். 48 மாத லீஸில் ஒரு சரக்கு வேன் எடுத்து, 20 மாதம் தவறாமல் வாடகை கட்டியிருக்கிறேன். இப்போது பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகிவிட்டார். வேன் பாதி நாள் சும்மா நிற்கிறது. திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றால், மீதி 28 மாத வாடகையையும் மொத்தமாகக் கட்டச் சொல்கிறது லீஸ் கம்பெனி. போதாததற்கு, அதிகமாக ஓட்டியதற்குத் தனிக் கட்டணமாம். வேனையும் எடுத்துக்கொண்டு பணமும் கேட்பது செல்லுமா? ஜாமீனாக என் மனைவியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பதில்: முதலில் ஒன்று. கணக்கு பேசி முடியும்வரை சாவியைக் கொடுத்துவிடாதீர்கள், வாடகையையும் நிறுத்தாதீர்கள். நீங்களாக வேனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடும். இன்றைக்கு நீங்கள் ஒரு தவணைகூடப் பாக்கி வைக்காதவர். அந்தப் பலம் கையில் இருக்கும்போதே பேசுங்கள்.

'வாடகை' என்ற சொல்தான் பலரைத் தவறாக நினைக்க வைக்கிறது. வாடகைக் காரை வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். லீஸ் அப்படியல்ல. கம்பெனி உங்களுக்காகவே அந்த வேனை வாங்கி, போட்ட பணத்தை வட்டியோடு 48 மாதத்தில் எடுக்கக் கணக்குப் போட்டிருக்கிறது. அதனால்தான் நிதிக் குத்தகை எனப்படும் இத்தகைய லீஸ் ஒப்பந்தங்கள் பெரும்பாலானவற்றில், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை கட்டியே தீர வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கும். வண்டியை எடுத்த அன்று "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்களே, அந்தப் பொறுப்பு தொடங்குவது பொதுவாக அங்கேதான். ஆகவே 'எனக்கு வேலை குறைந்துவிட்டது' என்பது சட்டப்படி காரணமாகாது. இதைச் சொல்ல எனக்கே வருத்தம்தான். தனிநபர் நுகர்வோருக்குக் கிடைக்கும் பாதுகாப்புகளும் பல நாடுகளில் தொழிலுக்காகப் போட்ட ஒப்பந்தத்துக்குக் கிடைப்பதில்லை.

ஆனால் அவர்கள் கேட்கும் தொகை அப்படியே செல்லும் என்று நினைக்காதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாத வாடகை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 28 மாதத்துக்கு 2,800. மாதம் ஒரு சதவீத வட்டி என்று கொண்டால், 28 மாதத்தில் வர வேண்டிய அந்தப் பணத்தின் இன்றைய மதிப்பு, அதாவது வட்டியைக் கழித்து இன்றே மொத்தமாக வாங்கினால் வரும் தொகை, சுமார் 2,430தான். ஒப்பந்தம் முடியும்போது வேன் 1,500 பெறும் என்று கம்பெனி எதிர்பார்த்திருந்தால், அதன் இன்றைய மதிப்பு சுமார் 1,135. ஆக, நீங்கள் கடைசிவரை கட்டியிருந்தால் அவர்களுக்கு வந்திருக்கக்கூடியது ஏறத்தாழ 3,565. இப்போது வேனை எடுத்து 2,600க்கு விற்கிறார்கள் என்றால், உண்மையான நட்டம் சுமார் 965. விற்பதற்கான செலவு இருந்தால் அதையும் சேர்க்கலாம். அவர்கள் கேட்பதோ 2,800, கூடவே 2,600 பெறும் வண்டி! நட்டத்தை ஈடுகட்டுவது வேறு, ஒரே நட்டத்துக்கு இரண்டு முறை வாங்குவது வேறு.

இதைச் சட்டமும் கவனித்திருக்கிறது. 1988இல் கனடாவின் ஒட்டாவாவில் உருவான சர்வதேச நிதிக் குத்தகை உடன்படிக்கை இதற்கு ஒரு வழி வகுத்திருக்கிறது. குத்தகைக்கு எடுத்தவர் பெரிய அளவில் தவறினால், ஒப்பந்தத்தில் இடம் இருந்தால் கம்பெனி மீதி வாடகையை முன்கூட்டியே கேட்கலாம். அல்லது ஒப்பந்தத்தை முறித்து, பொருளை எடுத்துக்கொண்டு நட்ட ஈடு கேட்கலாம். முறித்துவிட்ட பிறகு மீதி வாடகையை அப்படியே வசூலிக்க முடியாது. நட்டக் கணக்கில் அதன் மதிப்பைச் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நட்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுக்காவிட்டால் அந்த அளவுக்கு ஈடும் கிடைக்காது. இந்த உடன்படிக்கை இரண்டு நாட்டுக்காரர்களுக்கு இடையிலான குத்தகைகளுக்கானது, அதில் சேர்ந்த நாடுகளும் குறைவு. உங்கள் ஒப்பந்தத்தை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எது நியாயமான கணக்கு என்று எடுத்துக்காட்ட நல்ல ஆதாரம்.

இங்கிலாந்தில் 1915இல் டன்லப் டயர் கம்பெனி வழக்கில், முன்கூட்டியே மதிப்பிட்ட நட்ட ஈடும் பயமுறுத்துவதற்காக வைத்த அபராதமும் ஒன்றல்ல என்று விளக்கினார்கள். 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளவுகோலை மாற்றி, ஒப்பந்த மீறலால் பாதிக்கப்பட்டவரின் நியாயமான நலனுக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குத் தொகை மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. பிரான்ஸில் மிக அதிகமான அபராதத்தை நீதிபதியே குறைக்கலாம். உங்கள் ஊர்ச் சட்டத்தில் இதற்கு நிகரான விதி என்ன, ஒப்பந்தத்தை முறிப்பது பற்றிய பிரிவின் வாசகம் என்ன என்று இரண்டையும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் சேர்த்துக் காட்டுங்கள்.

அப்புறம் அந்தக் கிலோமீட்டர் விஷயம். உங்கள் ஒப்பந்தம் 48 மாதத்துக்கு 1,20,000 கி.மீ. வரை ஓட்டலாம் என்று இருந்து, ஓடோமீட்டர் இப்போது 58,000 காட்டுகிறது என்று வையுங்கள். 20 மாதத்துக்குரிய பங்கு 50,000, எனவே 8,000 அதிகம் என்பார்கள். மீதி வாடகை கேட்காமல் இதை மட்டும் கேட்டால் பேசலாம். முழு 48 மாத வாடகையையும் கேட்டுவிட்டு இதையும் கேட்பது எப்படிச் சரியாகும்? 1,20,000 கி.மீ.க்கும் விலை வாங்கிவிட்டார்களே, நீங்கள் ஓட்டியது அதில் பாதிகூட இல்லை. இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். பேச்சின் போக்கே மாறக்கூடும்.

வேனைத் திருப்பும்போது கீறலுக்கும் பணம் கேட்டால், அதற்கு ஒரே மருந்து படம்தான். சரக்கு ஏற்றி இறக்கும் வண்டியில் கதவின் கீழ் விளிம்பும் தரைத் தகடும் தேயாமல் இருக்காது, அது இயல்பான தேய்மானம். நான்கு டயர், உள்பக்கம், ஓடோமீட்டர் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில், தேதி தெரிய எடுத்து வையுங்கள்.

மனைவியின் ஜாமீன் எனக்கு அதிகக் கவலை தருகிறது. தொழிலை மூடினாலும் அவருடைய பொறுப்பு தானாகப் போகாது. சமரசம் எழுதும்போது உங்கள் பெயரை மட்டும் விடுவித்து எழுதிவிட்டால், பிறகு அவரிடம் வரக்கூடும். ஜாமீன்தாரரும் முழுமையாக விடுவிக்கப்படுகிறார் என்ற வரி அந்தத் தாளில் இருந்தே ஆக வேண்டும்.

சரி, கம்பெனிக்கு என்ன எழுதுவது? மூன்று கேள்விகள் போதும். இன்றைய தேதியில் கணக்கை முடித்தால் எவ்வளவு, அதில் வட்டித் தள்ளுபடி எவ்வளவு, வேனின் மதிப்பாக எவ்வளவு கழித்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கூடவே, மீதி 28 மாதத்தை வேறொருவர் ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தத்தை அவர் பெயருக்கு மாற்றித் தருவீர்களா என்றும் கேளுங்கள். உங்களைப் போலவே வண்டி தேடும் இன்னொரு சிறு தொழில்காரர் கிடைத்தால், எல்லோருக்கும் நட்டம் குறைவான வழி அதுதான். ஆனால் அவர் தவறினால் பொறுப்பு மறுபடி உங்கள் தலையில் விழாது என்பதையும் எழுத்தில் வாங்கிய பிறகே சாவியைக் கைமாற்றுங்கள்.