லாசாவில் என்ன வாங்கலாம், எதைத் தொடாமல் வரலாம்?

கேள்வி: கைலாய யாத்திரையில் லாசாவில் மூன்று நாள் தங்குகிறோம். திபெத்துக்கே உரிய கைவினைப் பொருட்கள், தின்பண்டங்கள் என்று எதை வாங்கிவரலாம்?

திபெத்தியர்கள் தங்களுக்கென்று எதை வாங்குகிறார்களோ அதை வாங்குங்கள். நான் இதைத் தெரிந்துகொண்டது கைக்காசு போனபிறகுதான்.

2018-ல் காத்மாண்டுவிலிருந்து விமானத்தில் லாசா இறங்கி, அங்கிருந்து சாலைவழியாகக் கைலாயம் போன குழுவில் நானும் ஒருவன். லாசா சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் தலை கிறுகிறுக்கும். அந்த நிலையில் பேரம் பேசப் போகாதீர்கள். நான் போனேன். நீலக்கல் மாலை ஒன்றைக் காட்டி, பழைய டர்க்காய்ஸ் எனும் பச்சைநீலக் கல், ஒரு குடும்பத்துச் சொத்து என்றார் கடைக்காரர். 900 யுவான் சொன்னதை 300-க்கு முடித்த பெருமையோடு அறைக்கு வந்து ஈரத்துணியால் துடைத்தேன். துணி முழுக்க நீலம்.

மாலையை எங்கள் வழிகாட்டியிடம் காட்டினேன். லாசாக்காரர். சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். "நாளைக் காலை சீக்கிரம் பார்கோருக்கு வாருங்கள். பாட்டிகள் எந்தக் கடையில் நிற்கிறார்கள் என்று பாருங்கள்" என்றார்.

பார்கோர் என்பது ஜோகாங் கோயிலைச் சுற்றியுள்ள பிரதட்சிண வீதி. நம் ஊர்ப் பிரகாரம் மாதிரியே வலம்தான் வரவேண்டும். ஒரு கடையைத் தாண்டிவிட்டால் இன்னொரு சுற்று வந்துதான் அதைப் பிடிக்க முடியும். விடிகாலையில் அங்கே பாட்டிகள் வாங்கியது காய்ந்த ஜூனிபர் தழை, ஊதுபத்தி, கதா எனும் வெள்ளைத் துண்டு, வெண்ணெய். நீலக்கல் கடைப்பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

என் பட்டியலில் முதலிடம் ஊதுபத்திக்குத்தான். லாசாவுக்கும் ஷிகாட்சேவுக்கும் நடுவில் இருக்கும் நியேமோ பகுதி இதற்குப் பேர்போனது. அங்கே ஓடைத் தண்ணீரில் சுழலும் சக்கரம் சைப்ரஸ் கட்டையை ஒரு கல்மேல் முன்னும் பின்னுமாக இழுத்து இழுத்துக் கூழாக அரைக்கிறது. அந்தக் கூழைச் செங்கல் மாதிரி அச்சிட்டுக் காயவைக்கிறார்கள். அப்புறம் சந்தனம், கிராம்பு, குங்குமப்பூ என்று பல சரக்குகளைச் சேர்த்துப் பிசைந்து, நுனியில் ஓட்டை போட்ட யாக் கொம்புக்குள் திணித்துக் கட்டைவிரலால் அழுத்தினால் நீளமாகக் கம்பி வருகிறது. முறுக்கு பிழிவதேதான். உள்ளே மூங்கில் குச்சி கிடையாது. திபெத்திய எழுத்தை உருவாக்கிய தொன்மி சம்போட்டாதான் இந்தக் கலையையும் கற்றுத்தந்தார் என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை.

(யாக் என்பது நம் கோயில் வெண்சாமரத்துக்கு வால்மயிர் தந்த அதே விலங்கு.)

அதே நியேமோவிலிருந்து கையால் செய்த காகிதமும் வருகிறது. ஒரு காட்டுச்செடியின் வேரிலிருந்து எடுக்கிறார்கள். வேரில் விஷம் இருப்பதால் பூச்சி அரிப்பதில்லை. சுவடிகளை அதில் எழுதிவைத்ததன் காரணம் அதுதான். அந்தக் காகிதத்தில் தைத்த சின்ன நோட்டுப் புத்தகம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், எடையும் இல்லை.

தங்கா, அதாவது துணியில் தீட்டும் பௌத்த ஓவியம் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள். நல்லதை வாங்கக் காசும் வேண்டும், பொறுமையும் வேண்டும். ஒரு சின்னக் கடையின் பின்கட்டில் ஓவியர் ஒருவர் வேலை செய்வதை அரைமணி நேரம் பார்த்தேன். மரச்சட்டத்தில் கயிறு போட்டு இழுத்துக் கட்டிய பருத்தித் துணி, அதன்மேல் சுண்ணமும் தோல்பசையும் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துத் தந்தம் மாதிரி ஆக்கியிருந்தார். உருவங்களின் அளவெல்லாம் சாத்திரப்படி கட்டம் போட்டுத்தான். நம் ஸ்தபதிகள் சிலைக்குப் பார்க்கும் தாலமான அளவுக்கணக்கு போல. நீலமும் பச்சையும் கல்லை அரைத்தெடுத்த நிறங்கள். தங்கப்பொடியைத் தொடும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டார். கண் திறப்பது கடைசியில். முடிந்த ஒன்றை எடுத்துத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்: துணியின் பின்பக்கம், புத்தரின் நெற்றி, கழுத்து, நெஞ்சுக்கு நேராக ஓம், ஆ, ஹூம் என்று மூன்று எழுத்துகள்.

நீங்களும் கேட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். எழுத்து இருக்கிறது என்பதற்காகவே அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். போன் கேமராவில் பெரிதாக்கினால் அச்சுப்புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அச்சிட்டு, மேலே கொஞ்சம் தங்கநிறம் தீட்டி விற்பதும் நடக்கிறது. பட்ஜெட் சின்னது என்றால் உள்ளங்கை அளவுத் தங்கா, கையால் தீட்டியதாக ஒன்று போதும்.

பெண்களுக்கு வாங்க பாங்டென் நல்லது. கல்யாணமான பெண்கள் இடுப்புக்கு முன்னால் கட்டும் கோடுபோட்ட கம்பளி ஏப்ரன். கையால் நெய்ததில் மூன்று குறுகிய துண்டுகளை ஒட்டித் தைத்திருப்பார்கள். கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் விலகி நிற்கும், அதுதான் அழகு. ஒரே துணியில் கோடு நேராக ஓடினால் மெஷின் சரக்கு.

சாப்பாட்டுக் கிண்ணமும் பார்க்கலாம். மரத்தில் கழலை போல் புடைத்த பகுதியைக் கடைந்து செய்வது. திபெத்தியர்கள் ஆளுக்கொரு கிண்ணம் வைத்துக்கொள்வார்கள், இன்னொருவர் கிண்ணத்தில் குடிப்பதில்லை. கம்பளம் வேண்டுமென்றால் வழியில் கியான்ட்சே வரும்; ஒரு ஆள் படுக்கும் அளவிலானதைக் காதென் என்பார்கள். தூக்கிவரத் தெம்பு இருந்தால் சரி.

தின்பதற்கு: வறுத்த பார்லி மாவு, அதாவது சம்பா. கிட்டத்தட்ட நம் சத்துமாவு மாதிரி. வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து உருட்டித் தின்பார்கள். வீட்டில் வெல்லமும் நெய்யும் போட்டுப் பிசைந்தால் இன்னும் நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி. சுர்பி என்கிற காய்ந்த பாலாடைக்கட்டி கல் மாதிரி இருக்கும், பல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரை அங்கேயே குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

வேண்டாதவை: விளிம்பைத் தேய்த்தால் ரீங்கரிக்கும் பாடும் கிண்ணம் வேண்டுமென்றால் காத்மாண்டுவிலேயே வாங்கலாம், பெரும்பாலும் நேபாளத்திலும் இந்தியாவிலும் செய்வதுதான். "திபெத்துப் பூ" என்ற பொருளில் சீனப்பெயர் சூட்டி விற்கும் குங்குமப்பூ, அந்தக் காலத்தில் காஷ்மீரிலிருந்து திபெத் வழியாகச் சீனா போனது; பெயர் மட்டும் வழியில் ஒட்டிக்கொண்டது. யார்ட்சா கும்பு எனும், புழுவில் முளைக்கும் மருந்துப் பூஞ்சை, கிராம் கணக்கில் யானை விலை. எடை கூட்ட உள்ளே ஈயக்கம்பி செருகுவார்கள் என்று அங்கேயே எச்சரித்தார்கள். கண் கண்ணாகக் கோடிட்ட ட்சி மணி, பழையது என்றால் லட்சங்களில் போகும். தெருவில் கிடைப்பது புதிது. கத்தியை ரயிலிலும் விமானக் கைப்பையிலும் விடமாட்டார்கள். விலங்குத்தோல், திபெத்திய மானைக் கொன்று எடுத்த மயிரில் நெய்யும் ஷாதூஷ் சால்வை பக்கமே போகாதீர்கள். 1911-க்கு முந்தைய பழம்பொருட்களைச் சீனாவிலிருந்து வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது, "ரொம்பப் பழசு" என்று யாராவது சொன்னால் அதற்காகவே விட்டுவிடுங்கள்.

ஸ்வெட்டரும் வேண்டாம். ஊட்டி திபெத்தியன் மார்க்கெட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

பத்தி எளிதில் உடையும். நான் பாங்டெனுக்குள் சுருட்டித் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். பெட்டியைத் திறந்ததும் அம்மா கேட்டது: "என்னடா இது, நாட்டு மருந்துக் கடையைச் சுருட்டிக் கொண்டுவந்துட்டியா?" இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் ஏற்றுகிறார், பாதியில் அணைத்து மிச்சம் பிடிக்கிறார்.