உயிரியல் மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் எதற்கு?

ஊட்டி, குன்னூர் பக்கம் விலங்கியலோ தாவரவியலோ படிப்பவர்கள் அடிக்கடி கேட்பது: "கல்லூரியிலேயே லேப் இருக்கிறதே, இன்டர்ன்ஷிப் வேறு தேவையா?"

இன்டர்ன்ஷிப் என்பது, படிக்கும்போதே சில வாரமோ சில மாதமோ ஒரு நிஜமான பணியிடத்தில் வேலை பழகுவது. கல்லூரி லேப்பில் விடை முன்பே தெரியும். பணியிடத்தில் யாருக்கும் தெரியாது. அதுதான் காரணம். மைதானத்தில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்குவதற்கும், மூடுபனியில் கல்லட்டி மலைப்பாதையில் வண்டியை இறக்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

நீலகிரி உருளைக்கிழங்கில் 1961இல் கண்டறியப்பட்ட, வேரைத் தாக்கும் மிகச் சிறிய புழுவான முட்டைக்கூடு நூற்புழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தில் அது ஒரு படம், அவ்வளவுதான். களத்தில் மண் மாதிரி எடுத்து, கழுவி, சல்லடையில் சலித்து, குண்டூசித் தலையைவிடச் சிறிய முட்டைக்கூடுகளை நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். உங்கள் எண்ணிக்கை தப்பினால் ஒரு விவசாயி அடுத்து என்ன பயிர் வைப்பது என்ற முடிவும் தப்பும். ஊட்டி அருகே முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருப்பது நம் அதிர்ஷ்டம்.

தடுப்பூசித் துறை என்றால், 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் குன்னூரிலேயே இருக்கிறது. அந்தத் துறையில் முதலில் பழக வேண்டியது பதிவேடு எழுதுவது. தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் மருந்துத் தொழிலே அதில்தான் நிற்கிறது.

அப்புறம், இன்டர்ன்ஷிப் செய்த இடத்திலேயே வேலை கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அரசு நிறுவனங்களில் அப்படி இல்லை, வேலைக்குத் தனி அறிவிப்பு வரும், எல்லாரையும் போலத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.