பூவெட்டிய பைரெக்ஸ்: கேள்வியும் பதிலும்

வெள்ளவத்தை வாசகி: அம்மம்மாவின் மூடியுள்ள கண்ணாடிச் சட்டியின் அடியில் 'ஜேஏஜே பைரெக்ஸ்' என்று இருக்கிறது. அமெரிக்கச் சாமானா?

இல்லை, இங்கிலாந்துச் சாமான். அந்த மூன்று எழுத்தும் சண்டர்லாந்தின் ஜேம்ஸ் ஏ. ஜோப்ளிங் கம்பனியைக் குறிக்கும். பைரெக்ஸ் என்ற இந்த வெப்பம் தாங்கும் கண்ணாடிச் சாமானை 1915இல் விற்கத் தொடங்கியது அமெரிக்காவின் கோர்னிங் கம்பனி. அவர்களிடம் உரிமை வாங்கி ஜோப்ளிங் 1920களில் செய்யத் தொடங்கியது. கொழும்பில் என் கைக்கு வந்த பழைய சட்டிகளில் ஜோப்ளிங்கே அதிகம்.

பம்பலப்பிட்டி வாசகர்: பூ வெட்டியதா, அச்சில் வார்த்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நகத்தால் தடவிப் பாருங்கள். அச்சில் வந்த கோட்டின் ஓரம் மழுங்கி வழுக்கும். சக்கரத்தில் வெட்டிய கோட்டில் நகம் தடுக்கும், உள்ளே மாவு பூசினாற்போல் சாம்பல் நிறம் தெரியும். பிறகு ஒரே கொடியின் இரண்டு இலைகளை ஒப்பிடுங்கள். கையால் வெட்டியவை அச்சொட்டாக ஒன்றுபோல் இருக்கமாட்டா; ஒரு நரம்பு நீண்டிருக்கும், ஒரு நுனி சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்காகத்தான் நான் இவற்றைச் சேர்க்கிறேன். தயவுசெய்து அந்தச் சாம்பல் நிறத்தை அழுக்கென்று நினைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். போனால் திரும்பாது.

கொட்டாஞ்சேனை வாசகர்: முத்திரை தேய்ந்துபோன மூடி ஒன்று இருக்கிறது. வெப்பம் தாங்கும் கண்ணாடிதானா?

கிண்ணத்தில் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றி மூடியின் ஓரத்தை அமிழ்த்துங்கள். போரோசிலிகேட் என்ற வெப்பம் தாங்கும் கண்ணாடி என்றால் அந்த ஓரம் கண்ணுக்கே தெரியாமல் மறையும். எண்ணெய்க்கும் அந்தக் கண்ணாடிக்கும் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு, ஏறக்குறைய 1.47. சாதாரணக் கண்ணாடி 1.52 என்பதால் அதன் விளிம்பு தெரியும். குசினியில் கைக்கெட்டும் தேங்காயெண்ணெய் இதற்குச் சரிவராது, அதற்கு 1.45தான். ஒன்று, இது கண்ணாடியின் இனத்தைத்தான் சொல்லும், கம்பனியை அல்ல.

தெஹிவளை வாசகி: பூவெட்டிய டீ பொட்டை காஸ் அடுப்பில் வைக்கலாமா?

வேண்டாம். நெருப்பில் நேரே வைக்கவென்று கோர்னிங் 1936இல் 'ஃபிளேம்வேர்' என்று வேறு வகை கொண்டுவந்தது. மற்றவை ஓவனுக்கும் மேசைக்கும்தான். கேத்திலில் கொதித்த தண்ணீரை ஊற்றித் தேயிலைச் சாயம் இறக்குங்கள். ஏற்கெனவே கீறல் இருந்தால் அதுவும் வேண்டாம், அலுமாரியில் இருக்கட்டும்.

இன்னொரு வாசகி: யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த டீ பொட்டின் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

கிணற்றுநீரின் சுண்ணாம்பாக இருக்கும். வெள்ளை வினாகிரியை இளஞ்சூட்டில் ஊற்றி ஓர் இரவு விடுங்கள், காலையில் மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும். இரண்டு முறை செய்தும் போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்திருக்கிறது, அதற்குமேல் தேய்க்கவேண்டாம்.