வாசகர் கேள்வி – பதில்: ‘ட்ரிப்’ எங்கே பொருந்தும், எங்கே உதைக்கும்?

கேள்வி: ‘வீ வென்ட் ட்ரிப் டு ஊட்டி’ என்றேன். அலுவலகத்தில் சிரித்துவிட்டார்கள். என்ன தவறு? (வாசகி, திருப்பூர்)

பதில்: ‘ஆன் எ’ விட்டுப்போனதுதான். ‘வீ வென்ட் ஆன் எ ட்ரிப் டு ஊட்டி’ என்றிருக்க வேண்டும். ‘டூர் போனோம்’ என்று நாம் பேசும் அமைப்பு அப்படியே ஆங்கிலத்துக்குள் வந்துவிடுகிறது.

ட்ரிப்போடு சேரும் வினைகள் மூன்று. ‘கோ ஆன் எ ட்ரிப்’ எங்கும் செல்லும். ‘டேக் எ ட்ரிப்’ என்றால் பெரும்பாலும் ஓய்வாக, ஆசையாகப் போவது. ‘மேக் எ ட்ரிப்’பில் காரியமும் அலைச்சலும் இருக்கும். வங்கிப் படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போய் மறுபடி போக வேண்டியிருந்தால் ‘ஐ ஹேட் டு மேக் அனதர் ட்ரிப் டு த பேங்க்’. நாம் ‘இன்னொரு நடை அலையவிட்டுட்டாங்க’ என்கிறோமே, அதே எரிச்சல் இதில் உண்டு. இங்கே ‘டேக்’ போட்டால் வங்கிக்கு உல்லாசப் பயணம் போனது போல் ஆகிவிடும்.

கேள்வி: ட்ராவல், ஜர்னி, ட்ரிப், டூர் நான்கும் ஒன்றுதானே? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இல்லை. ‘ட்ராவல்’ பொதுவாகப் பயணம் செய்வதைக் குறிப்பது, எண்ண முடியாது. ஆகவே ‘எ ட்ராவல்’, ‘டூ ட்ராவல்ஸ்’ எல்லாம் கிடையாது. ஊரிலிருந்து வந்தவரிடம் ‘ஹௌ வாஸ் யுவர் ட்ராவல்?’ என்பது நம் ஊர் ஆங்கிலம். ‘ஹௌ வாஸ் யுவர் ட்ரிப்?’ என்று கேளுங்கள். வழிப்பயணத்தை மட்டும் கேட்பதானால் ‘ஜர்னி’.

‘ஜர்னி’ ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய்ச் சேரும் வழி. ‘ட்ரிப்’பில் போவது, தங்குவது, திரும்புவது மூன்றும் அடங்கும். ‘ட்ரிப் நல்லா இருந்தது, ஜர்னிதான் மோசம்’ என்றால் இடம் பிடித்தது, பஸ் முதுகை முறித்தது. பல இடங்களை வரிசையாகப் பார்த்து வருவது ‘டூர்’. அரசு அலுவலகங்களில் ‘ஆஃபீஸர் இஸ் ஆன் டூர்’ என்றால் அலுவல் நிமித்தம் வெளியூர். வெளிநாட்டுக்காரரிடம் அதையே சொன்னால் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார் என்று நினைக்கக்கூடும். ‘பிசினஸ் ட்ரிப்’ என்பது தெளிவு.

ரயில்வே ‘ஜர்னி’யைக் கறாராகவே பயன்படுத்துகிறது. ‘பிரேக் ஜர்னி’ என்ற சலுகை இருப்பது பலருக்குத் தெரியாது. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டில் வழியில் இறங்கி இரண்டு நாள் வரை தங்கிவிட்டு அதே டிக்கெட்டில் தொடரலாம். 1000 கிலோமீட்டர் வரை ஒரு முறை, அதற்கு மேல் இரண்டு முறை. ஆனால் முதல் இறக்கம் 500 கிலோமீட்டரைக் கடந்த பிறகுதான். சென்னை–கன்னியாகுமரி டிக்கெட்டை வைத்துக்கொண்டு திருச்சியில் இறங்கினால் சலுகை இல்லை, அத்தோடு டிக்கெட் முடிந்தது. இறங்கிய நிலையத்தில் டிக்கெட்டில் குறிப்பு எழுதி வாங்காமல் வெளியே போவதுதான் அடிக்கடி நடக்கும் பிசகு. ராஜதானி, சதாப்தி போன்ற ரயில்களில் இது கிடையாது.

கேள்வி: ‘ஒன் வே’ டாக்ஸி பேசினோம். 120 கிலோமீட்டர்தான் ஓடியது. 130-க்குப் பணம் கேட்டார்கள். ஏமாற்றா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது. நம் மாநில டிராப் டாக்ஸிகளில் ஒரு வழிக்குக் குறைந்தபட்சம் 130 கிலோமீட்டர், ‘ரவுண்ட் ட்ரிப்’புக்கு ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் என்று கணக்கிடுவது பரவலான வழக்கம். குறைவாக ஓடினாலும் அதற்குரிய தொகை உண்டு.

கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊருக்குக் காலையில் போய் இரவே திரும்பினால் 280 கிலோமீட்டர், ஓடியதற்குத்தான் பணம். அங்கேயே ஓர் இரவு தங்கினால் இரண்டு நாள், 500 கிலோமீட்டர்! ஓடாத 220 கிலோமீட்டருக்கும் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு தனித்தனி ‘ஒன் வே’ பேசுவது மலிவாக வரலாம். கிலோமீட்டர் வாடகை ஒரு வழியில் சற்றுக் கூடுதல் என்பதால் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஓட்டுநர் பேட்டா, டோல், பார்க்கிங், மலைப்பாதைக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் தனி. பேசும்போது ‘கிலோமீட்டர் எங்கிருந்து எங்கே வரை?’ என்று கேளுங்கள். சிலர் வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்புவது வரை கணக்கெழுதுவார்கள்.

இன்னொன்று. ‘அப் அண்ட் டவுன்’ நமக்குள் புரியும். வெளிநாட்டில் டிக்கெட் கேட்கும்போது வேண்டாம். அமெரிக்காவில் ‘ரவுண்ட் ட்ரிப்’, பிரிட்டனில் ‘ரிட்டர்ன்’. அமெரிக்கரிடம் ‘ரிட்டர்ன்’ என்றால் திரும்பும் பயணம் மட்டும் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

கேள்வி: பாரிஸ், லண்டன், மறுபடி பாரிஸ். எல்லாம் ஒரே ட்ரிப்தான். ‘சிங்கிள் என்ட்ரி’ ஷெங்கன் விசா போதுமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: போதாது. ட்ரிப் உங்கள் கணக்கு, என்ட்ரி எல்லைக் காவலின் கணக்கு. ஷெங்கன் என்பது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. லண்டனுக்குக் கிளம்பியதும் அந்தப் பகுதியை விட்டு வெளியேறிவிட்டீர்கள். அந்த ஒரு நுழைவு தீர்ந்தது. பாரிஸுக்குத் திரும்ப இரண்டு நுழைவுக்கான விசாவாவது வேண்டும். பிரிட்டனுக்குத் தனி விசா. அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் உண்டு. பாரிஸிலிருந்து ஜெனீவா போய் வந்தால் நுழைவு குறையாது.

பயணக் காப்பீட்டில் ‘மல்டி ட்ரிப்’ என்று பார்த்ததும் ஆண்டு முழுக்கக் காப்பு என்று நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் 30, 45, 60 நாள் என்று தனி உச்சவரம்பு எழுதியிருக்கும். ஆறு மாதம் மகன் வீட்டில் தங்கப்போகும் பெற்றோருக்கு அது உதவாது. அத்தனை நாளுக்கும் சேர்த்து ‘சிங்கிள் ட்ரிப்’ எடுப்பதே சரி.

கேள்வி: ‘ஹேப்பி ஜர்னி’ தவறா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தவறில்லை, இந்திய வழக்கு. மற்றவர்கள் ‘ஹேவ் எ குட் ட்ரிப்’, ‘சேஃப் ட்ராவல்ஸ்’ என்பார்கள். ட்ராவலுக்குப் பன்மை வரும் அபூர்வ இடம் இது.

கேள்வி: ஆஸ்பத்திரியில் ‘ட்ரிப்ஸ்’ ஏற்றுகிறார்களே, அதுவும் இதே சொல்தானா? (வாசகி, சேலம்)

பதில்: இல்லை, அது ‘டிரிப்’, சொட்டுச் சொட்டாக இறங்குவது. முதல் எழுத்து வல்லோசை ‘ட’ இல்லை, ‘டாக்டர்’ என்பதில் வரும் மெல்லிய ‘ட’. ஆங்கிலத்தில் ‘ஷீ இஸ் ஆன் எ டிரிப்’ என்று ஒருமையில்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் இதற்கு ‘ஐ.வி.’ என்று பெயர். நம் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் தொழிற்சாலை பார்க்கப் போவதையும் (இண்டஸ்ட்ரியல் விசிட்) ‘ஐ.வி.’ என்கிறார்கள். ‘நாளைக்கு எங்க கிளாஸ் மொத்தமும் ஐ.வி.’ என்று அமெரிக்க மாமாவிடம் சொன்னால் அவர் பதறிப்போவார்.

மீட்டர் பெட்டியில் ‘ட்ரிப் ஆயிடுச்சு’ என்பது மட்டும் பயண ‘ட்ரிப்’பின் அதே எழுத்துள்ள சொல். அங்கே பொருள் சுவிட்ச் தானாக விழுந்தது. தூக்கிவிட்ட உடனே விழுந்தால் ஷார்ட் இருக்கலாம், சில நிமிடம் ஓடிவிட்டு விழுந்தால் பெரும்பாலும் ஓவர்லோடு. கீசர் போட்டதும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் மின்கசிவு என்று கொள்ளுங்கள். திரும்பத் திரும்பத் தூக்கிவிடாமல் கீசரைத் துண்டித்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.