சூறாவளிக் கணிப்பும் செய்மதியும்: வெள்ளவத்தைத் தாயார் ஒருவருக்கு

மதிப்புக்குரிய அம்மா,

உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் தோற்றிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மகள், செய்மதித் தரவைக் கொண்டு சூறாவளியைக் கணிக்கும் துறைக்குப் போக விரும்புவதாகவும், "புயல் படம் பார்ப்பதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று வீட்டில் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இதைப் படம் பார்க்கும் வேலையென்று எண்ணுவதில்தான் சிக்கலே இருக்கிறது.

செய்மதியில் வெப்பக் கதிரை அளக்கும் செந்நிறக்கீழ் உணரி காண்பது காற்றை அல்ல, முகில் உச்சியின் வெப்பநிலையை. புயலின் கண் வெதுவெதுப்பாகவும், அதைச் சூழ்ந்த முகில் வளையம் பூச்சியத்துக்குக் கீழ் 70 பாகை வரை குளிர்ந்தும் இருந்தால், அந்த வேறுபாட்டிலிருந்து வலிமையை மதிப்பிடலாம். 1970களில் அமெரிக்க வானிலையாளர் வேர்னன் டுவோராக் வகுத்த அந்த முறை இன்றும் வழக்கிலுள்ளது. முகிலை ஊடுருவி உள்ளே மழை வளையம் திரள்வதைக் காட்டுவது நுண்ணலை உணரி. ஆனால் அதைச் சுமக்கும் செய்மதிகள் தாழ்வாகச் சுற்றுவதால், ஒவ்வொன்றும் ஒரு புயலின் மேலாக நாளுக்கு ஓரிரு தடவைதான் கடக்கின்றது. இந்த இடைவெளியைக் குறைக்கவே நாசா 2016 டிசம்பரில் சிக்னஸ் எனும் 8 சிறு செய்மதிகளை ஏவியது. கடலில் பட்டுத் தெறிக்கும் ஜீபீஎஸ் சமிக்ஞையிலிருந்து அவை காற்றின் வேகத்தைக் கணிக்கின்றன.

இவ்வளவு இருந்தும், 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கிய ஓட்டிஸ், 24 மணித்தியாலத்துக்குள் வெறும் வெப்பமண்டலப் புயலிலிருந்து ஐந்தாம் வகை ஹரிக்கேனாக (அங்கே சூறாவளிக்கு வழங்கும் பெயர்; ஐந்தே மிக வலிய வகை) வலுத்ததைக் கணிப்பு மாதிரிகள் தவறவிட்டன. 1978 சூறாவளியின்போது மட்டக்களப்பில் இருந்த தங்கள் தாயாருக்கு, எச்சரிக்கை பிந்துவதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. புயலின் பாதையைக் கணிப்பதில் கண்ட முன்னேற்றம், அதன் திடீர் வலுப்பெறலைக் கணிப்பதில் இன்னும் கைகூடவில்லை. மகளுக்கு வேலை இருப்பது அங்கேதான். அதற்கு வேண்டியவை வகையீட்டுச் சமன்பாடுகள், வெப்ப இயக்கவியல், புள்ளிவிபரவியல், நிரலாக்கம்.

ஆகவே கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியலைக் கணிதத்துடன் படிப்பதையே முதல் தெரிவாக வைப்பேன். சப்ரகமுவவின் நில அளவை விஞ்ஞானப் பட்டமும் நல்லதே, எனினும் அது வரைபடப் பக்கம் சாய்ந்தது. 6 மாதச் சான்றிதழ் வகுப்புகளுக்குப் பணம் கட்ட வேண்டாம். என் மருமகன் ஒன்றில் சேர்ந்து, மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை மட்டும் கற்றுத் திரும்பினான்.

வளிமண்டலவியல் திணைக்களத்தில் வெற்றிடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும் இதே திறமை பயிர்க் காப்புறுதிக்கும் நீர்ப்பாசனத்துக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் வேண்டப்படுவது. வெளிநாட்டுப் பட்டப்பின் படிப்புக்கும் அதுவே வழி.

அமெரிக்காவின் கோஸ் செய்மதித் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. ஓட்டிஸின் கண்ணும் வளையமும் மணிக்கு மணி எத்தனை பாகை மாறின என்று மகள் பைதன் நிரல்மொழியில் ஒரு வரைபு தயாரிக்கட்டும். பெறுபேறு வந்ததும் அந்த வரைபுடன் இருவரும் வாருங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை எந்த ஒழுங்கில் இடுவதென்று அப்போது தீர்மானிப்போம்.