ரெப்போவில் (டீமின் கோட் மொத்தமும் இருக்கும் இடம்) எல்லாருக்கும் அட்மின், அதாவது முழு அனுமதி, கொடுத்திருக்கிறோம். இப்போது குறைத்தால் நம்பவில்லை என்று நினைப்பார்களா?

தாராளமாகக் குறையுங்கள். ஓரிருவர் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். நீங்களும் ஏழெட்டுப் பேர் டீம், எல்லாரும் நன்றாகப் பழகினவர்கள், அதனால்தான் சங்கடப்படுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முன்பு பாண்டி லாஸ்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். கோட் வைக்கும் கிட்ஹப் தளத்தில் எல்லாரும் அட்மின், எல்லாருடைய கோடும் வந்து சேரும் மெயின் பிராஞ்சுக்குப் பாதுகாப்பே கிடையாது. நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்திருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு புஷ் (கோடை மேலே ஏற்றுவது) ரிஜெக்ட் ஆக, ஃபோர்ஸ் கொடுத்து அங்கே இருந்ததை மீறி ஏற்றிவிட்டான். மற்றவர்கள் அன்று ஏற்றிய கமிட் (பதிவு செய்த மாற்றம்) எதுவும் மெயினில் இல்லை. மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்துகிறார். "அண்ணே, புஷ் ஆகலைன்னுதான் குடுத்தேன்" என்கிறான், கை நடுங்குகிறது.

"யாரும் புல் எடுக்காதீங்க, சர்வர்ல இருக்கறத இறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு டெஸ்டிங் அக்காவின் லேப்டாப்பைத் திறந்தேன். அவர் கொஞ்ச நேரம் முன்புதான் புல் எடுத்திருந்தார். கோட் மாற்றங்களைப் பதியும் கிட் மென்பொருளில் லாக், அதாவது கமிட் பட்டியல், போட்டதும் காணாமல் போனதெல்லாம் வரிசையாக இருந்தது. அதைத் தனி பிராஞ்சாக ஏற்றி, பையனுடைய கமிட்டையும் அதன்மேல் செர்ரி-பிக் செய்து (அதை மட்டும் எடுத்துச் சேர்த்து) மெயினை மீட்டோம். மேனேஜரிடம் நேராகவே சொன்னேன்: "தம்பி மேல தப்பு இல்ல சார். புதுசா வந்தவனுக்கு அட்மின் எதுக்கு?" இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அனுமதியைக் குறைப்பது சந்தேகத்தால் அல்ல, இப்படி ஒருவன் தனியாக நின்று திட்டு வாங்கக் கூடாது என்பதற்காக.

பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே ஆள் இருப்பார்கள். எங்கள் பக்கம் கோட் எழுதுகிறவனே சர்வரையும் பார்க்கணும், கஸ்டமர் போனையும் எடுக்கணும். சம்பளம் என்று வந்தால் மட்டும் "பாண்டிதானே, வாடகை கம்மிதானே" என்பார்கள். கடலூர், விழுப்புரம் பிள்ளைகள் யாருக்கும் வேலையில் குறைந்தவர்கள் இல்லை.

"கிட்டிலேயே அனுமதி கிடையாதே" என்று யாராவது வருவார்கள். சரிதான், அதைப் பார்ப்பது கிட்ஹப், கிட்லேப் மாதிரியான சர்வர்தான். கிட்ஹப் ஆர்கனைசேஷனில் ரீட், ட்ரையாஜ், ரைட், மெயின்டெயின், அட்மின் எனக் குறைவிலிருந்து முழு அனுமதி வரை ஐந்து நிலை உண்டு. கோட் எழுதுகிறவர்களுக்கு ரைட் போதும். மெயினைப் புரொடெக்டட் பிராஞ்ச் ஆக்கினால் ஃபோர்ஸ் புஷ் தானாகவே அடைபடும். ரிவ்யூ (இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்வது) கட்டாயம் என்று வைத்தாலும் அட்மினுக்கு அது தானாகப் பொருந்தாது, அவருக்கும் பொருந்த வைக்கத் தனி டிக் இருக்கிறது, போட்டுவிடுங்கள். அட்மின் இரண்டு பேர் இருக்கட்டும், ஒருவர் லீவில் போனால் வேலை நிற்காது. வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதியை எடுத்தாலும் அவர் லேப்டாப்பில் உள்ள குளோன் (ரெப்போவின் நகல்) அப்படியே இருக்கும். அதனால் ரெப்போவுக்குள் பாஸ்வேர்டு, ரகசியக் கீ எதுவும் கிடந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.